வீகன் விருந்தாளிக்கு எங்கே சாப்பாடு: சென்னை கஃபேயா, ராமநாதபுரம் கரையா?

என் அக்கா மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மீன், கறி, முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஏப்ரலில் வரும் அவள் பிறந்தநாளுக்குக் குடும்பமாக ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவானது. எங்கே என்பதுதான் கேள்வி. நாங்கள் எல்லாரும் ரயிலேறி, அவள் வழக்கமாகப் போகும் சின்ன வீகன் கஃபேக்குப் போவதா? அவளை இங்கே வரவழைத்து ராமேஸ்வரத்தில் ஒரு சைவ ஓட்டலில் சாப்பிடுவதா? ராமநாதபுரத்தில் மெஸ்ஸில் சொல்லிவைப்பதா? இல்லை, மண்டபத்தில் எங்கள் வீட்டிலேயே சமைப்பதா?

இந்தக் கரையில் இப்போது பல வீடுகளில் இதே கேள்வி வருகிறது. வெளியூரில் படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகள் பால்கூட வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருகிறார்கள். என்ன கொடுப்பது என்று தெரியாமல் வெறும் சோறும் ரசமும் வைத்துவிட்டு மனசு கஷ்டப்படுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லா வழிகளையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கஃபே. அந்த இடத்தில் நான் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பழைய வீட்டின் முன்பகுதி, சில மேஜைகள், சுவரோரமாகத் தொட்டிச் செடிகள். அங்கே எனக்கு முதலில் பட்டது சாப்பாடு இல்லை, அவள் முகம். வெளியே எங்கே போனாலும் அவள் கேள்வி கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதில் நெய் இருக்கா, மாவில் மோர் ஊற்றினீர்களா, கேக்கில் முட்டையா? கேட்கும்போதே கடைக்காரர் முகம் மாறும், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. மெனுவைத் திறந்தாள், பிடித்ததைச் சொன்னாள், நிம்மதியாகச் சாப்பிட்டாள். வீகனாக இருக்கிற ஒருவருக்கு அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பது கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த கஃபேயில் எனக்குப் பட்ட இன்னொன்று, காபியும் இனிப்பும். நம் ஊரில் பாலை விட்டவர்களுக்குக் கடைக் காபி என்றால் வரக்காப்பி, இல்லையென்றால் சுக்குக் காப்பி. அந்த கஃபேயில் ஓட்ஸ் பால், பாதாம் பால், சோயா பால் என்று கேட்டு வாங்கலாம். காபிக்கு இந்த மூன்றில் ஓட்ஸ் பால்தான் நன்றாகச் சேர்கிறது. சோயா பால் காபியின் புளிப்பில் சில நேரம் திரிந்து போகும். பாதாம் பால் கொஞ்சம் தண்ணீராக இருக்கும். கேக்கில் முட்டைக்குப் பதிலாக ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கிறார்கள், இல்லையென்றால் மசித்த வாழைப்பழம். முந்திரியை ஊறவைத்து அரைத்து அதையே கிரீமாகவும் சீஸாகவும் ஆக்குகிறார்கள். தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த மாதிரிக் காபி, கேக், ஐஸ்கிரீமில் நம் கரையில் எந்தக் கடையும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குடும்ப விருந்துக்கு? எங்கள் வீட்டிலிருந்து பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பன்னிரண்டு பேர். ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. போக வர டிக்கெட், அங்கே தங்க ஓர் அறை, ஊருக்குள் ஆட்டோ என்று சேர்த்தால் பெரிய தொகை. அவ்வளவு சின்ன கஃபேயில் பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்காரவும் முடியாது. என் அம்மாவுக்கு, அதாவது அவளுடைய அம்மாச்சிக்கு, மூட்டுவலி. மத்தியானத்தில் சோறு இல்லாமல் டோஃபு வறுவலும் ரொட்டியும் வைத்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. முந்திரியும் பாதாமும் இல்லாத பண்டம் அங்கே குறைவு என்பதால், வீட்டில் யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். இன்னொன்று, இப்படிப்பட்ட சின்னக் கடைகள் வாடகைக்காக இடம் மாறும், வாரத்தில் ஒருநாள் மூடும். போன் செய்து உறுதிப்படுத்தாமல் இங்கிருந்து கிளம்பவே கூடாது.

ராமேஸ்வரத்தைப் பார்ப்போம். எங்களுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலும் மறுபடி தீவுக்குள் போகிறது, பஸ்ஸும் இருக்கிறது. ராமநாதசுவாமி கோயிலுக்கு வரும் யாத்ரீகர்களால் அந்த ஊரில் சைவ ஓட்டலுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊர்ச் சாப்பாடு போடும் பவன்கள் உண்டு, வடநாட்டுச் சாப்பாட்டு இடங்களும் உண்டு. முதல் பார்வைக்கு இதுதான் சுலபமான வழி என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சமையற்கட்டுகளில் சைவம் என்றால் பாலும் நெய்யும் சேர்ந்ததுதான். தாராளமாக நெய் விடுவதைத்தான் அவர்கள் நல்ல சாப்பாட்டுக்கு அடையாளமாக நினைக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வருகிற கூட்டம் அதைத்தான் கேட்கிறது.

அங்கே போவதென்றால் எதைத் தொடலாம், எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இட்லி, உளுந்து வடை, பூரி கிழங்கு பெரும்பாலும் சரி. தோசைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், "அண்ணே, நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய் மட்டும் விட்டுப் போடச் சொல்லுங்க" என்று. "சரிம்மா, தனியா சொல்லிடறேன்" என்று சொல்லி அப்படியே கொண்டுவந்தும் தருகிறார்கள். ரவா தோசையில் மாவிலேயே மோர் இருக்கலாம், அதனால் வேண்டாம். பொங்கலும் கேசரியும் நெய்யில்தான். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது பல கடைகளில் வழக்கம். குருமாவில் தயிர் சேர்த்திருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார், காரக்குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் சாப்பிடலாம். ரசத்தை நெய்யில் தாளிக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பருப்புக்கு நெய் ஊற்ற வருபவரிடம் இலையை மறைத்துக் கை காட்ட வேண்டும். பாயசம், மோர், தயிர் மூன்றும் கிடையாது. வடநாட்டுச் சாப்பாட்டில் சப்பாத்திக்கு மேலே நெய் தடவுவார்கள், பருப்பையும் நெய்யில்தான் தாளிப்பார்கள். அங்கே கேட்டுச் சாப்பிடுவது இன்னும் கஷ்டம், மொழியும் குறுக்கே நிற்கும்.

ஆக, வயிறு நிறையும், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் விசாரணை. பிறந்தநாளன்று அவளை அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துவிடும். இலைக்காக வரிசையில் நிற்கிறபோது பரிமாறுபவரிடம் நிதானமாகப் பேச முடியாது. தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிற வீகன் பயணிக்கு ராமேஸ்வரம் பவன் நல்ல இடம். காலை எட்டு மணிக்குள் போய் இட்லி, வடை, வரக்காப்பி என்று முடித்துக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. பன்னிரண்டு பேர் விருந்துக்கு அது சரிப்படாது.

கடற்கரைக் கடைகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. தனுஷ்கோடிச் சாலையிலும் பாம்பன் பக்கமும் மீன் வறுக்கும் கடைகள்தான் அதிகம். வடை கேட்டாலும் அதே எண்ணெயாக இருக்கலாம். அசைவ ஓட்டல்களில் சம்பலிலும் துவையலிலும் மாசி, அதாவது காயவைத்த சூரை மீன், சேர்ப்பது இந்தக் கரையின் வழக்கம். பார்க்கத் தேங்காய்த் துவையல் மாதிரிதான் இருக்கும், ஆனால் இடித்த மாசித் தூள் உள்ளே இருக்கும். அரிச்சல்முனை பார்க்கப் போகிறவர்கள் கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. வழியில் நுங்கும் இளநீரும் மாங்காயும் கிடைத்தால் அதுவே போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த வழிக்கு வருகிறேன். ராமநாதபுரத்தில் வீட்டுக்காரர்களே சமைத்து நடத்தும் சின்ன மெஸ்கள் இருக்கின்றன. சமைக்கிறவரே பரிமாறுவார், கல்லாவிலும் அவரே. பவனில் நடக்காத ஒன்று இங்கே நடக்கும். முந்தின நாளே சொல்லிவைத்தால் நமக்கென்று சமைப்பார்கள். நான் போனில் பேசியது இப்படி:

"அக்கா, பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு வேணும். பால் சாமான் எதுவும் சேர்க்கக் கூடாது."

"சைவம்தானே தம்பி? மோரு, பாயசம் எல்லாம் வச்சிருவோம்."

"மோரும் வேண்டாங்க்கா. பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் கூடாது. முட்டை, மீனு, மாசியும் கிடையாது. அக்கா மக சாப்பிட மாட்டா."

"அவ்வளவுதானா? பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் ஊத்திருவோம். கருப்பட்டி போட்டா இன்னும் நல்லாருக்கும்."

வீகன் என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவதுதான் வழி. ஒருமுறை புரிந்துவிட்டால் அந்த அக்காவுக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை. நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய் போட்ட காரக்குழம்பு நல்லெண்ணெயில்தான் கொதிக்கும். இந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உருண்டையான அதன் உறைப்பு வேறு மிளகாயில் வராது. கத்தரிக்காய், மொச்சை, முருங்கைக்காய், கீரைக் கூட்டு, தேங்காய் தூவின பொரியல், அப்பளம், ஊறுகாய். இதில் எதை வீகனாக மாற்ற வேண்டும்? ஒன்றுமில்லை. நெய்யையும் மோரையும் எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. கஃபேயில் அவளுக்குக் கிடைக்கிற அந்த நிம்மதி இங்கேயும் கிடைக்கும், கேள்விகளை முந்தின நாளே நான் கேட்டு முடித்துவிடுவதால். செலவென்று பார்த்தால், கஃபேயில் ஒரு காபிக்கும் கேக்குக்கும் ஆகிற பணத்தைவிட இங்கே ஒரு முழுச் சாப்பாடு குறைவு.

குறை இல்லாமல் இல்லை. ஒரே அடுப்பில் மற்றவர்களுக்கு மீன் குழம்பும் கொதிக்கும், கரண்டி மாறிப் போகலாம். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மீன் வாடையே ஆகாது என்கிற வீகன்களுக்கு அந்தக் கூடம் சங்கடமாக இருக்கலாம். எங்கள் பெண்ணுக்கு அது பிரச்சினை இல்லை, இந்த வாடையில் வளர்ந்தவள். உங்கள் விருந்தாளிக்குப் பிரச்சினை என்றால் செவ்வாய், வெள்ளியிலோ, புரட்டாசியிலோ, மாலை போடும் கார்த்திகை மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சைவம் மட்டும் சமைக்கிற மெஸ்களும் உண்டு. எங்களுக்கு ஏப்ரலே கொஞ்சம் தோதாக வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நல்ல மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிறவர்கள்கூட அப்போது காய்கறிச் சாப்பாட்டுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

வீட்டில் சமைப்பது கடைசி வழி. பெரியவர்கள் விரும்பியது அதைத்தான். அம்மாவுக்கு ஆரம்பத்தில் வருத்தம் இருந்தது. கடலோரத்தில் பிறந்த பிள்ளை மீனைத் தொடாமல் எப்படி இருக்கும் என்று கவலைப்பட்டார். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஐயாவும் சைவச் சாப்பாட்டுக்காரர்தான் என்று சொன்ன பிறகு கொஞ்சம் சமாதானமானார். அவர் பாலும் தயிரும் சாப்பிட்டவர், இவள் அதையும் விட்டவள். ஆனால் மீன் இல்லாமல் உடம்பு தாங்குமா என்ற பயத்துக்கு அது நல்ல பதிலாக இருந்தது. பயப்பட வேண்டிய இடம் வேறு. வைட்டமின் பி12 செடிகொடி உணவில் நம்பும்படி கிடைக்காது. வீகனாக இருப்பவர்கள் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். உங்கள் பிள்ளையிடம் சண்டை போடுவதற்குப் பதில், மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்கிறாளா என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டுச் சமையலில் தேங்காய்ப்பால்தான் கைகொடுக்கும். காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டால் யாருக்கும் குறை தெரியாது. கடையில் வாங்கினால் சில இடங்களில் அந்தத் தேங்காய்ப்பாலில் மாட்டுப்பாலையும் கலக்கிறார்கள், அதனால் வீட்டில் பிழிவதுதான் நல்லது. பாயசத்துக்கு இரண்டாம் பாலில் பருப்பை வேகவிட்டு, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் பாலைச் சேர்க்க வேண்டும். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். தயிர்ச் சோறு இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவர்களுக்கு வேர்க்கடலைத் தயிர் இருக்கிறது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் உறையும். முதல்முறை கொஞ்சம் கடலை வாசம் அடிக்கும். அந்தத் தயிரையே அடுத்த நாள் உறை ஊற்றினால் சரியாகிவிடும்.

காபிக்குப் பாக்கெட்டில் வரும் ஓட்ஸ் பால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பிரிக்காத வரை மாதக் கணக்கில் இருக்கும். வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். அது சைவத்துக்கான குறி, பால் சேர்ந்திருந்தாலும் அதே குறிதான். வீகன் உணவுக்கென்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகள் கொண்டுவந்தது, அதற்குத் தனிக் குறி இருக்கிறது.

வீட்டு விருந்தின் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. பன்னிரண்டு பேருக்குச் சமைக்கிற பெண்கள் அன்றைக்கு உட்கார்ந்து பேச முடியாது. அக்காவும் என் மனைவியும் அடுப்படியிலும், மற்றவர்கள் கூடத்திலுமாக ஒரு பிறந்தநாள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்கள் சமைக்கலாமே என்றால், தாராளமாகச் சமைக்கலாம். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் அடுப்பில் நிற்பேன், பன்னிரண்டு பேருக்கு என் கை போதாது.

இனிப்பில் மட்டும் நம் கரை கஃபேயோடு தைரியமாகப் போட்டி போடலாம். கீழக்கரைத் தொதல் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்து, மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. தேங்காய்ப்பாலிலிருந்து கசியும் எண்ணெயே போதுமானது, ஆனால் சிலர் கடைசியில் நெய் விடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும். நோன்பு காலத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சும் கடல்பாசியையும், அதாவது அகர் அகரையும், பாலுக்குப் பதில் இளநீரிலோ நன்னாரியிலோ செய்யலாம். சென்னை கஃபேயில் அவள் விரும்பிச் சாப்பிடும் புட்டிங்கும் இதே அகர் அகரில்தான் உறைகிறது, ஜெலட்டின் என்றால் அது மாட்டெலும்பிலோ தோலிலோ எடுப்பது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, பாறையில் கை கிழியப் பறிக்கிற பாசி அது. பட்டணத்தில் அந்தப் புட்டிங்கைச் சாப்பிடுகிற யாரும் இந்தப் பெண்களை நினைப்பார்களா என்று தெரியாது, எங்கள் பெண்ணிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் சேர்த்துப் பார்த்து நாங்கள் முடிவு செய்தது இது. மத்தியானச் சாப்பாடு ராமநாதபுரம் மெஸ்ஸில். காலையில் வீட்டில் இடியாப்பம் மட்டும், சாயங்காலம் நுங்கும் பதநீரும் தொதலும். இரண்டுக்கும் அதுதான் பருவம், அடுப்பு மூட்ட வேண்டியதும் இல்லை. கஃபேக்கு அவளோடு நான் வேறொரு வேலையாகச் சென்னை போகும்போது போய்க்கொள்வேன், அங்கே இரண்டு பேராகப் போவதுதான் அழகு. அதற்காக மட்டும் குடும்பத்தையே ரயிலேற்றத் தேவையில்லை. நீங்களும் இதே முடிவுக்கு வர வேண்டும் என்றில்லை. நான்கு பேர் குடும்பம், பெரியவர்கள் இல்லை, சென்னையில் தங்க உறவுக்காரர் வீடு இருக்கிறது என்றால் கஃபேக்கே போங்கள், பிள்ளை சந்தோஷப்படும்.

கேக் மட்டும் அந்த கஃபேயிலிருந்து அவளே எடுத்து வருகிறாள். முந்திரிக் கிரீம் பூசினது ஏப்ரல் வெயிலில் ராத்திரி ரயிலைத் தாண்டி வராது, அதனால் கிரீம் இல்லாத பேரீச்சம்பழக் கேக்காகச் சொல்லியிருக்கிறோம்.